நோர்ஃபொக் கேட்கும் அறை

3 நவம்பர், திங்கள்

விடியவிருந்து தூறல். ட்ராம் பிந்தி. சப்பாத்து மாத்த முதலே இரவு வேலை முடிச்ச பிள்ளை ஓடி வந்தாள். "சுகந்தி, உன்ர இங்கிலிஷ்காரர் திரும்பவும் அடிச்சுப்போட்டார்." முழங்கையில நல்ல சிவப்பு. பாவம், புதுசா வேலைக்குச் சேர்ந்தவள்.

மில்லர் ஐயா எப்ப என்ர ஆளானவர்? இந்த முதியோர் இல்லத்தில, மூண்டாம் மாடியில, வேற ஆருக்கும் இங்கிலிஷ் ஓடாது. எனக்கு ஓடும் எண்டு ஆர் சொன்னது? யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட இங்கிலிஷ். அதுவும் அரைவாசி போயிட்டுது.

அவற்ற கதை: ரோய் மில்லர், எண்பது தாண்டினவர். பிரிட்டிஷ் ஆமியில ஜெர்மனிக்கு வந்து, இங்க்ரிட் அம்மாவைக் கட்டி, ஆமியை விட்டு, கெல்சென்கிர்ச்சனில லொறி ஓடி ஓய்வெடுத்தவர். ஜெர்மன் எங்களைவிட நல்லாக் கதைச்சவராம். மறதி வருத்தம் வந்து அந்த ஜெர்மன் முழுக்கக் கழண்டுபோச்சு. இப்ப இங்கிலிஷ் மட்டும். இங்க்ரிட் அம்மாவுக்கு ஒரு சொல் இங்கிலிஷ் தெரியாது. "ஜெர்மனியில இருக்கிறம், எனக்கேன் எண்டு விட்டிட்டன்" எண்டா. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து பக்கத்தில இருப்பா. அவர் அவவை, வரி கேட்க வந்த ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்.

கதவில பேர் Miller எண்டில்லை, ஜெர்மன் பேர் மாதிரி "Müller" எண்டு கிடக்கு. ரெண்டாந்தரமும் பிழையா அடிச்சிருக்கினம். மனுசனுக்குக் குழம்பாமல் என்ன செய்யும்.

பொறுப்பாளர் ஃப்ராவ் க்ரூகர் சொன்னா: இப்பிடியே அடிச்சுக்கொண்டிருந்தால் மருந்தைக் கூட்டோணும், இல்லாட்டி வேற ஊரில பூட்டி வைக்கிற பிரிவுக்கு மாத்தோணும். நத்தார்ப் பண்டிகை வரைக்கும் பாப்பம் எண்டா. இங்க்ரிட் அம்மாவால அவ்வளவு தூரம் ஒவ்வொரு நாளும் போக ஏலாது. அவவுக்கு இன்னும் சொல்லேல்லை.

பருப்பு முடிஞ்சுது. பல் டொக்டரிட்டப் போற Termin நாளை மாத்தோணும்.

4 நவ., செவ்வாய்

மழை இல்லை, ஆனா இருட்டு.

காலமை மில்லர் ஐயா கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு விடமாட்டன் எண்டு நிண்டார். சாப்பாட்டுத் தட்டு நிலத்தில. கத்தின கத்தலில எனக்கு ஒரு சொல்தான் விளங்கினது: நோர்ஃபொக். அவர் பிறந்த இடம். இங்கிலாந்தில ஒரு மாவட்டம்.

என்ன நினைச்சனோ தெரியேல்லை. போனில "நோர்ஃபொக்" எண்டு அடிச்சன். அந்த மாவட்டத்துக்கெண்டே ஒரு வானொலி. அமத்தினன். யன்னல் விளிம்பில வைச்சன்.

ஒரு பொம்பிளை கதைச்சா. ரோட்டு நிலவரம்: எங்கேயோ ஒரு உழவு மெஷினுக்குப் பின்னால கார் எல்லாம் வரிசையாம். எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில ஹீட்டர் வேலை செய்யேல்லை. கடல் இத்தினை மணிக்கு ஏறுமாம். ஆரோ வளர்த்த ஆமை துலைஞ்சுபோச்சாம், கண்டவை சொல்லட்டாம். (குளிருக்க ஆமை எங்க போறது?)

மனுசன் கம்பியை விட்டிட்டார். தலையைச் சரிச்சுக் கேட்டார். பிறகு வானொலியைப் பார்த்து, "அது சரிதான்" எண்டார். நான் கஞ்சியைத் தீத்த வாயைத் திறந்தார். முழுக்கச் சாப்பிட்டார்!

எது சரி எண்டவர்? ஆமையா, உழவு மெஷினா?

6 நவ., வியாழன்

இங்க்ரிட் அம்மா ஒரு சின்ன இன்ரநெற் ரேடியோ வாங்கிக்கொண்டு வந்தா. நான்தான் பொருத்திக் குடுத்தன். இப்ப அந்த அறையில நாள் முழுக்க நோர்ஃபொக். அடி இல்லை. கத்தல் இல்லை. ஃப்ராவ் க்ரூகர் எட்டிப் பார்த்திட்டு, "என்ன மந்திரம் போட்டனீங்கள்?" எண்டா.

ஆனா எனக்குத்தான் தலை சுத்துது. ரேடியோவில எட்டு மணி, சுவரில ஒன்பது. அவர் ரேடியோவைத்தான் நம்புறார். மத்தியானச் சாப்பாட்டை "நேரமாகேல்லை" எண்டு தள்ளினார். அவற்ற பக்கம் நேரமாகேல்லைத்தானே. எந்த ரோட்டில கிடங்கு வெட்டுகினம் எண்டு எனக்குத் தெரியும், நோர்ஃபொக்கில. இண்டைக்கு அந்த யோசினையில என்ர தரிப்பிடத்தில இறங்காமல் ரெண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கினன்.

இன்னொண்டு. வசனம் முடியிற இடமெல்லாம் "போர்" எண்டு சொல்லுறார். "வா, போர்." "குளிருது, போர்." அவர் ஆமிக்காரர், நான் யாழ்ப்பாணம். என்ர காதில அது போர் எண்டுதான் விழுது. ஒருக்கா நெஞ்சு திக்கெண்டது. விசர் எனக்கு, அவருக்குத் தமிழ் எங்கால?

பின்னேரம் பெரிய சிக்கல். காலமை நிகழ்ச்சி செய்யிற அந்தப் பொம்பிளையின்ர குரலைப் பின்னேரம் திருப்பிப் போட்டினம். மில்லர் ஐயா முகமெல்லாம் சிரிப்பா, "ஜீன், வெள்ளிக்கிழமை வந்திடுவன், நில்லு" எண்டார். ரேடியோவுக்குத்தான். இங்க்ரிட் அம்மா பக்கத்தில தோடம்பழம் உரிச்சுக்கொண்டிருந்தவ.

"ஜீன் ஆர்?" எண்டு என்னைக் கேட்டா. பிறகு, "என்ன சொல்லுறார்?"

"வெள்ளிக்கிழமை வெயில் எறிக்குமாம்" எண்டன்.

ஏன் அப்பிடிச் சொன்னன்? வாயில வந்தது.

7 நவ., வெள்ளி

வெயில் எறிக்கேல்லை.

மில்லர் ஐயா விடியவே கோட்டும் தொப்பியும் போட்டுக் கதவடியில. போகப் போறாராம். "பஸ் வரும், போர்." கதிரையைக் கதவடிக்கு இழுத்துக் குடுத்தன், அதிலயே இருந்தார். ஆரையும் அடிக்கேல்லை. காத்திருந்தவர், அவ்வளவுதான். அந்த இருப்பைப் பார்க்க அடி பரவாயில்லைப் போலக் கிடந்தது.

இங்க்ரிட் அம்மா வந்து கோட்டைக் கழட்டப் போக, கையைத் தட்டிவிட்டு, "ஜீன் நிப்பா" எண்டார். அந்தப் பேர் விளங்க மொழிபெயர்ப்புத் தேவையே?

அவ என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. "சுகந்தி, நீங்கள் எனக்குப் பொய் சொல்லுறியள். நல்ல மனசோட சொல்லுறியள், தெரியும். இப்ப உண்மையைச் சொல்லுங்கோ."

சொன்னன். ஜீன் எண்ட ஒருத்தியிட்ட வெள்ளிக்கிழமை வாறன் எண்டு சொல்லுறார், நில்லு எண்டுறார், அவ்வளவுதான் எனக்கு விளங்கினது.

அவ கைப்பையை எடுத்தா. லிஃப்ட்டுக்கு நிக்காமல் படியால இறங்கிப் போனா. முழங்கால் ஏலாத மனுசி.

9 நவ., ஞாயிறு

லீவு. உடுப்புத் தோய்ச்சன். கறி தீஞ்சுபோச்சு, யோசினை.

என்ர புருசனுக்குச் சொன்னன். இவர் போனைப் பார்த்தபடி, "உமக்கேன் இந்த வேலை? சம்பளம் கழுவித் துடைக்கத்தானே தாறாங்கள். மொழிபெயர்க்கவே?"

"கேட்டவ, நான் சொன்னன்."

"முதல்ல பொய் சொன்னனீர். பேந்து உண்மை சொன்னனீர். ரெண்டும் பிழையாப் போச்சு. பேசாமல் இருந்திருக்கலாம்."

கோவம் வந்தது. ஏனெண்டா நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தன். ஆனா பேசாமல் எப்பிடி இருக்கிறது? ரெண்டு பேருக்கும் நடுவில மொழி தெரிஞ்ச ஒரே ஆள் பேசாமல் இருந்தால் அதுவும் ஒரு பதில்தானே. தெரியேல்லை.

ரேடியோவைப் பொருத்தாமல் விட்டிருக்கலாமோ? அடிச்சுக்கொண்டு இருந்திருப்பார். இங்க்ரிட் அம்மா வந்துகொண்டு இருந்திருப்பா.

11 நவ., செவ்வாய்

நேற்றும் இங்க்ரிட் அம்மா வரேல்லை. இண்டைக்கும் இல்லை. போன் எடுத்தால் எடுக்கிறா இல்லை.

மத்தியானம் ரேடியோ திடீரெண்டு நிண்டுபோச்சு. சத்தமே இல்லை. நான் தட்டினன், வயரை ஆட்டினன். திரும்பிப் பார்த்தால் மில்லர் ஐயா எழும்பி நிக்கிறார். எப்பவும் கூனிக்கொண்டு நிக்கிற மனுசன், நேரா, கை ரெண்டும் தொடையோட. கண் சுவரில. ஒரு சொல் இல்லை. நான் ரேடியோவில வைச்ச கையை அப்பிடியே வைச்சுக்கொண்டு நிண்டன்.

கொஞ்சத்தால ஒரு ஊதுகுழல் சத்தம். பிறகு கதை வந்தது. யுத்தத்தில செத்த ஆமிக்காரருக்கு அஞ்சலியாம். மௌனமா இருந்தவை, ரேடியோ பழுதாகேல்லை. அவர் கட்டிலில இருந்திட்டு, "நல்லா இருந்தது, போர்" எண்டார்.

நானும் சேர்ந்துதான் நிண்டிருக்கிறன். எங்கட சனத்தை நினைச்சன். அந்த மௌனத்துக்க நினைக்கலாமோ என்னவோ.

வேலை முடிஞ்சு வர, ரோட்டில இங்கத்தைய விளக்குப் பண்டிகை: பள்ளிக்கூடப் பிள்ளையள் கடதாசி விளக்குகளோட பாடிக்கொண்டு போச்சினம். ட்ராம் அதுகளுக்காக நிண்டது. நல்ல குளிர்.

12 நவ., புதன்

வந்தா! தலைமயிர் வெட்டி, சாயம் அடிச்சு, நல்ல கோட் போட்டு. நான் வாயைத் திறக்க முதல்:

"அந்த ஜீனைக் கண்டுபிடிக்கோணும்."

"ஏன்?"

"இவ்வளவு காலமும் பக்கத்தில படுத்த மனுசன் வேற ஒருத்தியோட கதைக்கிறார். அவ உயிரோட இருந்தால் அவவே வந்து சாப்பாடு தீத்தட்டும்." பிறகு குரல் இறங்கி, "அவவின்ர குரலைக் கேட்டு அவர் அமைதியா இருப்பாரெண்டா, அதுவும் சரி. வேற ஊருக்குக் கொண்டுபோகமாட்டினம்."

அப்ப அவவுக்குத் தெரிஞ்சிருக்கு. ஃப்ராவ் க்ரூகர் சொல்லிப்போட்டா.

எப்பிடித் தேடுறது எண்டு கேட்டன். ரேடியோவைக் காட்டினா. "ஆமையைத் தேடினவை எண்டு சொன்னீங்கள்."

ஃப்ராவ் க்ரூகர் முதல்ல ஏலாது எண்டா. ஆக்களின்ர விவரம் வெளியில போகக்கூடாது. இங்க்ரிட் அம்மா கைப்பையிலயிருந்து Vollmacht பேப்பரை எடுத்து மேசையில வைச்சா: அவருக்காக முடிவெடுக்கிற உரிமை தனக்குத்தான். க்ரூகர் வாசிச்சா, தோளைக் குலுக்கினா, "எங்கட இல்லத்தின்ர பேர் மட்டும் வரக்கூடாது" எண்டா.

இடைவேளையில வானொலிக்கு எழுதினன். மகள் பிழை திருத்தி அனுப்பினாள். "அம்மா, நீங்கள் வேலையில என்னதான் செய்யிறீங்கள்?" எண்டும் கேட்டாள்.

13 நவ., வியாழன்

ட்ராமிலயே எழுதுறன். எழுத்தே கோணல்.

காலமை போன். நோர்ஃபொக்கிலயிருந்து. நான் எழுதினதை வாசிக்கிறதைவிட நானே ரேடியோவில கதைச்சால் நல்லதாம், இப்பவே, நேரடியா. ஓம் எண்டிட்டன். ஏன் ஓம் எண்டன்? படுக்கைச் சீலை அடுக்கி வைக்கிற அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினன். இங்க்ரிட் அம்மா கூடவே வந்து, என்ர சட்டைக் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

அந்தப் பொம்பிளை! ஒவ்வொரு நாளும் கேக்கிற அதே குரல், என்ர காதுக்குள்ள. என்ர பேரைக் கொத்திப் பிரிச்சா. "உங்கட சொந்த இடம் எது?" யாழ்ப்பாணம் எண்டன். "ஓ, அது ஜெர்மனியில எந்தப் பக்கம்?"

எனக்குச் சிரிப்பு வந்து, பயம் கொஞ்சம் போனது. சொன்னன்: ரோய் மில்லர், கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில பிறந்தவர், வாலிபத்தில ஆமிக்குப் போனவர், ஜீன் எண்டு ஒருவரைத் தேடுறார், மனைவிதான் கேக்கச் சொன்னவ. மனைவியா எண்டு அவ ஒருக்கா இழுத்தா. ஓம், மனைவிதான்.

"இன்னும் எங்கட ஊர்ப் பேச்சு இருக்கோ அவரிட்ட?"

"இங்கிலிஷ் எனக்கு வடிவா விளங்கிறேல்லை. எல்லா வசனத்துக்கும் பின்னால போர் எண்டு சொல்லுறார்."

அவ சந்தோசத்தில கத்தினா. அது அவையின்ர பழங்காலப் பேச்சாம். நாங்கள் "மச்சான்" எண்டு கூப்பிடுற மாதிரி. இப்ப ஒருத்தரும் சொல்லுறேல்லையாம்.

இத்தனை நாளும் மனுசன் என்னை மச்சான் எண்டு கூப்பிட்டவர். நான் போர் எண்டு பயந்தன்.

மற்ற அறையில மில்லர் ஐயா இதெல்லாம் ரேடியோவில கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். போய்ப் பார்த்தன். "ஆரோ வெளிநாட்டுக்காரி கதைச்சவள்" எண்டார்.

14 நவ., வெள்ளி

மூண்டு ஜீன்!

வானொலிக்காரர் போன் பண்ணிச் சொல்லச் சொல்ல, சாப்பாட்டு அட்டையின்ர பின்பக்கம் எழுதினன். ஒரு ஜீனுக்குத் தெரிஞ்ச ரோய் மில்லர் செத்துக் கனகாலம். இன்னொரு ஜீன் உயிரோட இல்லை; புருசன்தான் எடுத்தவர், சும்மா கதைக்க ஆளில்லாமல் எடுத்திருக்கிறார் போல. மூண்டாவது ஜீன் ஒரு கேள்வி கேட்டவவாம்: இடது பெருவிரலில தழும்பு இருக்கோ? பீட் கிழங்கு வெட்டேக்க கத்தி பட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தன். எத்தினை தரம் கழுவின கை! இருக்கு.

இங்க்ரிட் அம்மாவுக்குச் சொன்னன். தொழிற்சாலையில வெட்டினதெண்டு தனக்குச் சொன்னவராம். ஏனாம் பொய் சொன்னவர்? இல்லாட்டி தான் பிழையா விளங்கினதோ? அந்த நேரம் அவற்ற ஜெர்மன் அவ்வளவுதானே எண்டா.



கோட்டும் தொப்பியும் இண்டைக்கும் போட்டவர். கதவடியில சாப்பிட்டவர்.

17 நவ., திங்கள்

முதல் பனித்தூவல், நிலத்தில நிக்கேல்லை.

அந்த மூண்டாவது ஜீன் போன் எடுத்தா. கிழவிக் குரல், ஆனா திடமான குரல். ஸ்பீக்கரில போட்டு மில்லர் ஐயாவின்ர மடியில வைச்சன். இங்க்ரிட் அம்மா யன்னலடியில முதுகைக் காட்டிக்கொண்டு.

"ரோய்? நான் ஜீன்."

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆர் இந்தக் கிழவி?" எண்டார். போனைத் தள்ளி, ரேடியோப் பக்கம் காதைச் சரிச்சு, "இவளின்ர சத்தத்தைக் குறை. ஜீன் கதைக்கிறது கேக்கேல்லை."

எனக்கு நிலம் பிளக்காதோ எண்டிருந்தது. அங்கால அந்த மனுசி சிரிக்கிறா! "சரியாத்தான் சொல்லுறார். அவருக்குத் தெரிஞ்ச ஜீன் நானில்லை." பிறகு கேட்டா: "அவற்ற மனைவி நிக்கிறாவோ?"

போனைத் தாழ்வாரத்துக்குக் கொண்டு வந்தன். நான் நடுவில. ஒரு கிழவி இங்கிலிஷில, ஒரு கிழவி ஜெர்மனில, எனக்குள்ள தமிழ் வேற குறுக்க வந்து நிக்குது. ஒருக்கா ஜீனுக்கு ஜெர்மனில பதில் சொல்லிப்போட்டன்.

ஜீன் சொன்னா: "லீவில வாறன், வெள்ளிக்கிழமை பஸ்ஸடியில நில்லு எண்டவர். நான் போகேல்லை. அப்ப எனக்கு வேற ஒருத்தரில விருப்பம் வந்திட்டுது, எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. அவரைத்தான் கட்டினன். ரோய் வந்தவரோ இல்லையோ, எனக்கு இண்டு வரை தெரியாது."

மொழிபெயர்த்தன். இங்க்ரிட் அம்மா சுவரில சாஞ்சா.

"வந்தவர்" எண்டா. "லீவு முடிய முதலே திரும்பி வந்தவர். நான் வேலை செய்த பேக்கரிக்கு நேரா வந்து, பாண் வாங்காமல், படத்துக்கு வாறியோ எண்டு கேட்டவர். ஏன் கெதியா வந்தனீர் எண்டு கேட்டன். அங்க மழை எண்டார்."

அதையும் மொழிபெயர்த்தன். பிறகு ஜீன், "ஓம், மழைதான் அண்டைக்கு" எண்டா.

இங்க்ரிட் அம்மா அழுதாவா சிரிச்சாவா தெரியேல்லை. "அவவுக்கு நன்றி சொல்லுங்கோ" எண்டா. எதுக்கு நன்றி? போகாமல் விட்டதுக்கா, போன் எடுத்ததுக்கா? கேக்கேல்லை. சொன்னன்.

பிறகு ஜீன், அவரோட என்ன கதைப்பீங்கள் எண்டு கேட்டா. "எல்லாம் கதைப்பன், ஜெர்மனில. அவருக்கு விளங்காது" எண்டு இங்க்ரிட் அம்மா சொல்ல, ஜீன்: "அப்ப சின்னதா நாலு சொல் நான் சொல்லித் தாறன். அங்க ஒவ்வொரு வீட்டிலயும் சொல்லுறது." இங்க்ரிட் அம்மா தொண்டையைச் செருமி, ஜீன் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னா. தாழ்வாரத்தில, நல்ல கோட்டோட, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. உருளைக்கிழங்கை விழுங்கின உச்சரிப்பு. ஜீன் திருத்தித் திருத்திச் சொல்லிக் குடுத்தா. நான் நடுவில தேவைப்படேல்லை.

ஃப்ராவ் க்ரூகர்: டொக்டர் மருந்தைக் குறைச்சிட்டார். மாத்துற கதை இப்போதைக்கு இல்லை. எழுத்தில ஒண்டும் இல்லை, வாய்ச்சொல்தான்.

இவருக்கு இதெல்லாம் சொன்னன். "அப்ப எந்த ஜீனை நினைச்சுக் கதைக்கிறார்?" எண்டார். ரேடியோக்காரியை. இல்லை, வாலிபத்து ஜீனை. இல்லாட்டி... எனக்கே பிடிபடேல்லை. "தேத்தண்ணி போடட்டே?" எண்டார். அதிசயம்.

18 நவ., செவ்வாய்

நல்ல வெயில், குளிர். புதுக் கையுறை ஒண்டைத் துலைச்சிட்டன்.

பின்னேரம் இங்க்ரிட் அம்மா வந்தா. தாழ்வாரத்திலேயே வாய் அசையுது, சொல்லிப் பழகுறா. உள்ள போனா. மில்லர் ஐயா கட்டிலில சாஞ்சு, ரேடியோவில ஆரோ தோட்டக் கதை, ரோசாவை எப்ப வெட்டுறது எண்டு.

அவ கட்டிலடியில நிண்டு, சத்தமா, "ஷவ் அப், ரோய்" எண்டா. ஜீன் சொல்லிக் குடுத்தது, கொஞ்சம் தள்ளும் எண்டு கருத்து.

அவர் பார்த்தார். அசையேல்லை. நான் மருந்து வண்டியோட வாசலில. அவ திரும்பவும், இந்த முறை மெதுவா, "ஷவ் அப்."

மனுசன் முனகிக்கொண்டு சுவர்ப் பக்கம் தள்ளிப் படுத்தார். போர்வையையும் தூக்கிப் பிடிச்சார். அவ சப்பாத்தைக் கழட்டி, கோட்டோடயே ஏறி, பக்கத்தில சாஞ்சா.

அவர் அவவின்ர பக்கம் தலையைத் திருப்பி ஏதோ சொன்னார். நீளமா. இந்த முறை எனக்கு வடிவா விளங்கினது, ஒவ்வொரு சொல்லும். அவ என்னைப் பார்க்க, நான் வாயைத் திறந்தன்.

வேண்டாம் எண்டு கையைக் காட்டினா.

கதவைச் சாத்திப்போட்டு வந்திட்டன். எதிர் அறையில மணி அடிச்சுக்கொண்டிருந்தது.